பேட்டரியைக் கழற்றும் முன்: டூரிஸ்ட் கார் ஓட்டுநர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள டூரிஸ்ட் கார் ஓட்டுநர்களுக்கு,

ஐப்பசி அடைமழை நடக்கிறது. கார்த்திகை பிறந்ததும் மாலை போட்ட சாமிகளை ஏற்றிக்கொண்டு குமுளி வழியாகவோ செங்கோட்டை வழியாகவோ கிளம்பிவிடுவீர்கள். அதன்பிறகு தை பிறக்கும்வரை உங்களில் ஒருவரையும் பிடித்து உட்காரவைத்துப் பேச முடியாது. அதனால்தான் இப்போதே எழுதுகிறேன்.

நான் வயரிங் கடை வைத்திருப்பவன். என் கடைக்கு அடிக்கடி வரும் புகார் ஒன்று உண்டு. டிரைவர் கதவைத் திறந்து இறங்கும்போதே தீர்ப்பையும் சொல்லிவிடுவார்: "பேட்டரி சரியில்லண்ணே. போன தீபாவளிக்குத்தான் புதுசு போட்டேன், அதுக்குள்ள படுத்துருச்சு. டூப்ளிகேட்டத் தலையில கட்டிட்டான்." தோண்டித் துருவினால் அதற்கு முந்தைய பேட்டரியும் ஒரு வருஷம் தாண்டவில்லை என்பது தெரியவரும். செல்ஃப் எடுக்கவில்லை, பேட்டரி கடைக்குப் போனார், கடைக்காரர் பேட்டரி கொடுத்தார். இரண்டு தடவையும் யாரும் மீட்டர் வைத்துப் பார்க்கவில்லை. பேட்டரி விற்பவரிடம் போய் வண்டிக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் அவர் வேறென்ன சொல்வார்?

வண்டி ஓடும்போது கரண்ட் தருவது பேட்டரி அல்ல, நீங்கள் இன்னமும் டைனமோ என்று கூப்பிடுகிற ஆல்டர்னேட்டர். பேட்டரியின் வேலை எஞ்சினைக் கிளப்பிவிடுவதும், போதாத நேரத்தில் கைகொடுப்பதும். வருமானம் குறைந்துபோன வீட்டில் உண்டியலை மாற்றி என்ன ஆகப்போகிறது?

அடியோடு செத்துப்போன ஆல்டர்னேட்டரைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. சிவப்பு விளக்கு எரியும், ஒரு மணி நேரத்தில் வண்டி நின்றுவிடும், சந்தேகத்துக்கே இடமில்லை. பாதி உயிரோடு ஓடுகிற ஆல்டர்னேட்டர்தான் உங்கள் காசைத் தின்கிறது. பகலில் லோக்கல் டிரிப் அடிக்கும்போது எல்லாம் நன்றாகவே இருக்கும். அதன் குட்டு வெளிப்படுவது ராத்திரியில்.

இரவு எட்டு மணி, கொட்டுகிற மழை, எருமேலிக்கு முன்னால் வண்டிகள் வரிசை கட்டி நிற்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் ஐடிலிங்கில் ஓடுகிறது. இரண்டு ஹெட்லைட்டுக்கு ஏறக்குறைய 8 ஆம்பியர். பின் விளக்கு, மீட்டர் விளக்கு எல்லாம் சேர்த்து 2, 3. கண்ணாடியில் ஆவி படியாமல் இருக்க ஏசி போட்டாக வேண்டும். புளோயரும் ரேடியேட்டர் ஃபேனும் மட்டுமே 20, 25 வரை இழுக்கும். வைப்பருக்கு 4, 5. பெட்ரோல் பம்ப், இன்ஜெக்டர், காயில், கம்ப்யூட்டர் வகையறாவுக்கு 10 வைத்துக்கொள்ளலாம். பஜனைப் பாட்டும் பார்ட்டி செருகியிருக்கும் நாலு மொபைல் சார்ஜரும் தனி. கூட்டிப் பார்த்தால் 45, 50 வந்து நிற்கிறது. சின்ன காரின் ஆல்டர்னேட்டரில் 70 ஆம்பியர் என்று எழுதியிருக்கலாம். எஞ்சின் நல்ல வேகத்தில் சுற்றும்போது தருவது அது. ஐடிலிங்கில் பாதி கிடைத்தாலே பெரிய விஷயம். ஆக, நல்ல ஆல்டர்னேட்டர்கூட அந்த வரிசையில் பேட்டரியிடம் கொஞ்சம் கடன் வாங்கித்தான் ஓட்டுகிறது. வண்டி நகர்ந்ததும் திருப்பிக் கட்டிவிடும். தேய்ந்துபோனது நகர்ந்த பிறகும் கட்டாது. 15 ஆம்பியர் துண்டு விழுந்தால் 35 ஆம்பியர்-அவர் பேட்டரி இரண்டு மணி நேரத்தில் காலி. நடுவழியில் டீ குடிக்க எஞ்சினை அணைத்தீர்களோ, அத்தோடு சரி. அப்புறம் சாமிகள் இறங்கித் தள்ளவேண்டியதுதான்.

சிவப்பு விளக்கு எரியவில்லையே என்று கேட்பீர்கள். அந்த விளக்கு ஆம்பியரை அளப்பதில்லை. ஆல்டர்னேட்டர் பக்க வோல்டேஜுக்கும் பேட்டரி பக்க வோல்டேஜுக்கும் பெரிய வித்தியாசம் வந்தால்தான் எரியும். தேவைக்குப் பாதி கரண்ட் கொடுத்துக்கொண்டிருக்கும்போது அது பாட்டுக்குச் சும்மா இருக்கும். சில சமயம் மங்கலாக, இருட்டில் கையை வைத்து மறைத்துப் பார்த்தால் மட்டும் தெரிகிற அளவு எரியும். அப்படிக் கண்டால் டயோடு பிளேட்டைச் சந்தேகப்படுங்கள். இன்னொன்று: சாவியைத் திருப்பியதும், செல்ஃப் அடிக்கும் முன், அந்த விளக்கு எரிந்தே ஆகவேண்டும். பழைய வகை வண்டிகளில் ஆல்டர்னேட்டர் காயிலுக்கு முதல் கரண்ட் போவதே அந்த பல்பு வழியாகத்தான். பல்பு ஃபியூஸ் போனதால் சார்ஜே ஏறாமல், ஆல்டர்னேட்டரைக் கழற்றிப் போட்டுப் புதிது வாங்கிய கதையெல்லாம் உண்டு.

உள்ளே என்ன தேய்கிறது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நடுவில் சுற்றும் ரோட்டாரை மின்காந்தமாக்க, அதன் பின்முனையில் இருக்கும் இரண்டு செம்பு வளையங்கள் மேல் இரண்டு கார்பன் பிரஷ்கள் உரசிக்கொண்டே இருக்கும். சுற்றியிருக்கும் ஸ்டேட்டரில் மூன்று காயில். அவற்றில் பிறப்பது ஏசி. அதை டிசியாக்க ஆறு டயோடுகள். எவ்வளவு கொடுக்கவேண்டும் என்று பார்த்துக்கொள்ள ஒரு ரெகுலேட்டர். ஆறில் ஒரு டயோடு போனாலும் மற்றவை ஓட்டிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் கணிசமான கரண்ட் போய்விடும். ஸ்டீரியோவில் எஞ்சின் ரேஸோடு ஏறி இறங்கும் ஒரு கீச்சுச் சத்தமும் கேட்கலாம். டயோடு ஷார்ட் ஆகிவிட்டால் தொல்லை ராத்திரியிலும் தொடரும். நிறுத்திவைத்த வண்டியில் பேட்டரி அதன் வழியே வடிந்துகொண்டே இருக்கும். காலையில் எஞ்சின் எல்லாம் ஜில்லென்று இருக்க ஆல்டர்னேட்டர் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் வேறு சாட்சி வேண்டாம். பிரஷ் தேய்வது இதற்கு நேர்மாறு, மெதுவாக நடக்கும். வளையத்தின் மேல் பிடி தளர்ந்து, மேடு பள்ளத்தில் ஒரு நேரம் சார்ஜ் ஏறும், ஒரு நேரம் ஏறாது. இந்த மாதிரி வண்டி கடைக்கு வந்ததும் நல்ல பிள்ளையாக நடிக்கும்.

பழைய டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் இந்த இடத்தை நிதானமாகப் படிக்கவும். பல டீசல் வண்டிகளில் பிரேக் பூஸ்டருக்கான வேக்குவம் பம்பை ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே மாட்டியிருப்பார்கள். அந்த பம்புக்கு எஞ்சின் ஆயில் போகும். நடுவில் இருக்கும் ஆயில் சீல் கெட்டால் ஆயில் கசிந்து ஆல்டர்னேட்டருக்குள் இறங்கும். பிரித்துப் பார்த்தால் கார்பன் தூளும் ஆயிலும் குழைந்து, கண்மை மாதிரி கறுப்பாக வளையம் முழுக்க அப்பியிருக்கும். பிரஷ்ஷை மட்டும் மாற்றிவிட்டு சீலை விட்டால் சில மாதத்தில் அதே வண்டி அதே புகாரோடு திரும்பிவரும். பிரஷ் மாற்றினோம், காசு வாங்கினோம் என்று அனுப்பும் கடைகள் உண்டு. நீங்கள்தான் சீலைப் பற்றிக் கேட்கவேண்டும்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், காலையில் எதையும் தொடும் முன் பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்துப் பாருங்கள். 12.6 இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12க்குக் கீழே என்றால் காலி என்றே கொள்ளலாம். பிறகு ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லி, மீட்டரைக் கவனியுங்கள்: முழு சார்ஜில் இருக்கும் பேட்டரி அந்த நேரத்தில் 9.6க்குக் கீழே விழுந்தால் உண்மையாகவே பேட்டரிதான் குற்றவாளி. அப்போது தாராளமாக மாற்றுங்கள், நான் குறுக்கே வரமாட்டேன்.

எஞ்சின் ஓடத் தொடங்கி கொஞ்சநேரம் ஆனதும் பேட்டரியில் 13.8இலிருந்து 14.5க்குள் காட்டவேண்டும். பெரும்பாலான இடங்களில் சோதனை இதோடு முடிந்துவிடுகிறது. 14.1 காட்டுது, சார்ஜிங் ஓக்கே, பேட்டரியை மாத்து. இங்கேதான் ஏமாறுகிறீர்கள். சும்மா ஓடுகிற எஞ்சினில் தேய்ந்த ஆல்டர்னேட்டரும் 14.1 காட்டும். ஹெட்லைட் ஹை பீமில், ஏசி, புளோயர் முழு வேகத்தில், வைப்பர், பின் கண்ணாடி ஹீட்டர் இருந்தால் அதுவும், எல்லாவற்றையும் போடுங்கள். எஞ்சினை 2000 ஆர்பிஎம்மில் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். இப்போது 13.5க்கு மேல் நிற்கவேண்டும். 12.6, 12.4 என்று நழுவிக்கொண்டே போனால் கரண்ட் போதவில்லை. மாறாக 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டுவிட்டது. அது பேட்டரியை வேகவைத்துக் கொல்லும். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி ஊற்றி மாளவில்லை என்று சொல்கிறவர்கள் இதைப் பார்க்கவேண்டும்.

இதே நிலையில் மீட்டரை ஏசி வோல்ட்டுக்குத் திருப்பி பேட்டரியில் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டயோடு போயிருக்கிறது.

போதவில்லை என்று தெரிந்ததும் ஆல்டர்னேட்டரைக் கழற்றப் பாயவேண்டாம். முதலில் பெல்ட். விளக்கும் ஏசியும் போட்டதும் கீச்சென்று கத்துகிறதா, உள்பக்கம் கண்ணாடி மாதிரி பளபளத்துக் கிடக்கிறதா என்று பாருங்கள். வழுக்கும் பெல்ட்டை வைத்துக்கொண்டு எத்தனை ஆல்டர்னேட்டர் மாற்றினாலும் ஒன்றுதான். சில டீசல் கார்களில் புல்லிக்குள்ளேயே ஒரு கிளச் இருக்கும். பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கையால் திருப்பினால் ஒரு பக்கம் பிடிக்கவேண்டும், மறுபக்கம் விடவேண்டும். இரண்டு பக்கமும் விட்டால் புல்லியை மட்டும் மாற்றினால் போதும்.

அடுத்தது ஒயர். சொன்னால் நம்பமாட்டீர்கள், என் கடைக்கு வரும் "டைனமோ வீக்" வண்டிகளில் ஆல்டர்னேட்டர் மேல் குற்றமே இல்லாதவை நிறைய. ஒரு செடான் வந்தது. இரண்டு புது பேட்டரி, ஒரு பழைய ஆல்டர்னேட்டர் எல்லாம் மாற்றி முடித்தாயிற்று. எல்லா லோடும் போட்டுப் பார்த்தால் பேட்டரியில் 12.9. ஆல்டர்னேட்டரின் பாசிட்டிவ் போல்ட்டுக்கும் அதன் உடம்புக்கும் நடுவே வைத்தால் 14.2. அப்படியானால் 1.3 வோல்ட் வழியில் எங்கோ தொலைகிறது. மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டர் பாசிட்டிவ் போல்ட்டிலும் மறுமுனையை பேட்டரி பாசிட்டிவிலும் வைத்தேன்: 0.2, குற்றமில்லை. ஆல்டர்னேட்டர் உடம்புக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே 1.1. அங்கே 0.2க்கு மேல் போகவே கூடாது. கீழே படுத்துப் பார்த்தால், எஞ்சினிலிருந்து சேஸிஸுக்கு வரும் எர்த் பட்டையின் போல்ட்டுக்கு அடியில் அழகாக பெயின்ட். முன்பக்கம் இடிபட்டு டிங்கரிங் பார்த்தபோது, பட்டையைக் கழற்றி, அந்த இடத்தையும் சேர்த்து அடித்துவிட்டு, மறுபடி மாட்டியிருக்கிறார்கள். எமரித்தாள் போட்டுத் தேய்த்து, போல்ட்டை இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவினேன். ஒரு ஸ்பேரும் வாங்கவில்லை.

இங்கே ஒரு பழக்கத்தைக் கண்டித்தே ஆகவேண்டும். எஞ்சின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி, "வண்டி நிக்கல பாரு, டைனமோ நல்லாருக்கு" என்று காட்டுகிற வித்தை. அம்பாசிடர், பத்மினி காலத்து மேஸ்திரிகள் சொல்லிக்கொடுத்தது. அந்த அம்பாசிடரில் கெட்டுப்போக பல்பைத் தவிர என்ன இருந்தது? இன்றைய வண்டியில் பேட்டரியைத் திடீரென்று பிடுங்கினால் ஆல்டர்னேட்டர் வோல்டேஜ் ஒரு கணம் 40ஐயும் தாண்டி எகிறும். டயோடும் போகலாம், எஞ்சின் கம்ப்யூட்டரும் போகலாம். அதுவுமில்லாமல், வண்டி நிற்காமல் ஓடியது என்பது எதையும் நிரூபிப்பதில்லை. எஞ்சினை ஓட்ட 10 ஆம்பியர் போதும். தேய்ந்ததும் அதைத் தரும். உங்கள் வண்டியில் யாராவது ஸ்பேனரோடு அந்த டெர்மினலை நோக்கிக் குனிந்தால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நான் சொன்ன எண்கள் எல்லா வண்டிக்கும் அப்படியே பொருந்தாது. புது மாடல்கள் பலவற்றில் எவ்வளவு சார்ஜ் செய்வது என்பதைக் கம்ப்யூட்டர்தான் முடிவுசெய்கிறது. பேட்டரி நிறைந்திருந்தால் வேண்டுமென்றே 12.8க்கு இறக்கி வைக்கும். மாருதி 2015இல் சியாஸில் கொண்டுவந்து பிறகு எர்டிகாவிலும் வைத்த ஸ்மார்ட் ஹைப்ரிட் வகையில் ஸ்டார்ட்டர் வேலையையும் சேர்த்துப் பார்க்கிற ஒரே மோட்டார்தான் பெல்ட்டில் இருக்கும். அவற்றை ஸ்கேனர் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோங்கள்.

ஆல்டர்னேட்டர்தான் என்று முடிவாகிவிட்டால் உடனே புதிது வாங்கவேண்டுமா? பிரஷ்ஷும் ரெகுலேட்டரும் பேரிங்கும் போட்டால் பல ஆல்டர்னேட்டர்கள் இன்னும் சில வருஷம் உழைக்கும். 1961இலிருந்து சென்னை பாடியில் இயங்கும் லூகாஸ் டிவிஎஸ் போன்றவர்கள் இங்கேயே தயாரிப்பதால், ஓரளவு ஓடுகிற மாடல் எதுவானாலும் ஜி.பி. ரோட்டில் உதிரிப்பாகம் கிடைக்கும். செம்பு வளையம் தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தாலோ, ஸ்டேட்டர் காயில் கருகி வாடை அடித்தாலோ மட்டும் ரிப்பேருக்குப் போகாதீர்கள். காயில் கட்டி ஓட்டலாம் என்பார்கள். ஓடும், சீசன் முடியும்வரை ஓடுமா என்பதுதான் கேள்வி. புதுப்பேட்டையில் பழசு வாங்குவதானால் வெள்ளத்தில் நின்ற வண்டியிலிருந்து வந்ததா என்று பாருங்கள். 2015 டிசம்பரில் சென்னையில் மூழ்கிய கார்களுக்கு அப்புறம் இந்தக் கவனம் எனக்கு வந்தது. பல கார்களில் ஆல்டர்னேட்டர் கீழே தாழ்வாக இருப்பதால் முதலில் சேறு குடிப்பதே அதுதான். புல்லியைச் சுற்றினால் கரகரவென்றால், விலை பேசாமல் நடையைக் கட்டுங்கள்.

மாற்றும்போது கவனிக்கவேண்டியது அதிகமில்லை, ஆனால் வரிசை முக்கியம். முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றவேண்டும். ஆல்டர்னேட்டரின் பெரிய போல்ட்டில் சாவி போட்டாலும் போடாவிட்டாலும் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். நெகட்டிவைக் கழற்றாமல் அங்கே ஸ்பேனர் போட்டு, அது பாடியில் பட்டால் வெல்டிங்தான். பெல்ட் போகும் பாதையை மொபைலில் படம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சில கார்களில் முன் டயரைக் கழற்றி அடிவழியாகத்தான் எடுக்க வரும். புதியதையும் பழையதையும் பக்கத்தில் வைத்து, புல்லியின் வரிகளையும் சாக்கெட் பின்களையும் ஆம்பியரையும் ஒத்துப் பார்க்கவேண்டும். மாட்டும் காதில் ஒரு இரும்பு புஷ் இருக்கும். அதை லேசாகத் தட்டிப் பின்னால் நகர்த்தினால் ஆல்டர்னேட்டர் பிராக்கெட்டுக்குள் தானாகப் போய் உட்காரும். இது தெரியாமல் சுத்தியலால் அடித்து அலுமினியக் காதை உடைத்தவர்கள் இருக்கிறார்கள். வேக்குவம் பம்ப் உள்ள டீசல் வண்டி என்றால், ஸ்டார்ட் செய்து பிரேக்கை நாலைந்து தடவை மிதித்துப் பார்க்காமல் கடையை விட்டு நகராதீர்கள்.

புதிது போட்ட கையோடு, டவுனாகிக் கிடக்கும் பேட்டரியோடு வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்து "ஓடஓட ஏறிடும்" என்று டிரிப்புக்குப் போவதும் வழக்கமாக இருக்கிறது. காலியான பேட்டரியை நிரப்புவதற்கென்று ஆல்டர்னேட்டரைச் செய்யவில்லை. மணிக்கணக்கில் முழு லோடில் சூடேறி, புது டயோடு அன்றைக்கே போகலாம். ஒரு ராத்திரி சார்ஜரில் போட்டுவிட்டு மாட்டுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் காலையில் பேட்டரி இறங்கியிருந்தால், நிறுத்திய வண்டியில் யார் கரண்ட் குடிக்கிறார்கள் என்று பார்க்கவேண்டும். ஏஐஎஸ் 140 விதிப்படி நீங்கள் வைத்திருக்கும் ஜிபிஎஸ் கருவி கொஞ்சம் குடிக்கும், அது பரவாயில்லை. மொத்தம் 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் சரி. அதற்கு மேல் என்றால் நீங்களே கூட்டிச் சேர்த்த எல்இடி பட்டையையும் ஆம்ப்ளிஃபயரையும் கழற்றிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

உங்களிடம் கேட்பது இரண்டே விஷயம். ஸ்டாண்டு சங்கத்தின் செலவில் ஒரு மல்டிமீட்டர் வாங்கி ஷெட்டில் வையுங்கள். எந்தக் கடையில் வேலை பார்த்தாலும், என் கடையும் சேர்த்துத்தான், பில்லின் பின்பக்கம் மூன்று எண்களை எழுதித் தரச் சொல்லுங்கள்: காலையில் நின்ற வண்டியில் பேட்டரி வோல்ட், சும்மா ஓடும்போது, எல்லா லோடும் போட்டு 2000இல் பிடித்தபோது. எழுதித் தரமாட்டேன் என்கிற கடையில் பேட்டரி வாங்கவேண்டாம்.

சீசனுக்கு முன்னால் வண்டியைப் பார்க்கவேண்டுமானால் இந்த வாரமே கொண்டுவாருங்கள். மதியத்துக்கு மேல் வந்தால் நல்லது; காலையில் ஸ்கூல் வேன்கள் நிற்கும்.

இப்படிக்கு,
உங்கள் வயரிங் கடைக்காரன்